புயல் துரத்தலுக்கு லேப்டாப் ரேடாருடன் ஜிபிஎஸ் ரிசீவரை இணைப்பது: படிப்படியான முழு வழிகாட்டி

அமெரிக்கச் சமவெளி மாநிலங்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை சூப்பர்செல் என்ற சுழலும் இடிமழைகளைத் துரத்திப் போகிறவர்கள் முன் இருக்கையில் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பார்கள். அதில் ரேடார் படம் ஓடும். படத்தின் மேல் அவர்களுடைய வண்டி ஒரு சின்னக் குறியாக நகரும். அந்தக் குறி இல்லாவிட்டால் ரேடார் பாதிப் பயன்தான். ஆலங்கட்டி எங்கே விழுகிறது என்று தெரியும். அதிலிருந்து நாம் எத்தனை மைல் தள்ளி இருக்கிறோம் என்று தெரியாது.

இணைப்பது கடினமான வேலை இல்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். ரிசீவரைச் செருகி, நேராக ரேடார் மென்பொருளைத் திறப்பார்கள். குறி வராது. உடனே போர்ட், தரவு வேகம், டிரைவர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றத் தொடங்குவார்கள். அப்புறம் எது ஏற்கெனவே பழுது, எது புதிதாக வந்த பழுது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

செயற்கைக்கோளிலிருந்து திரை வரைக்கும் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன: ரிசீவர், டிரைவர் (ரிசீவரோடு பேசும் கணினி மென்பொருள்), காம் போர்ட் (ரிசீவர் தரவு கணினிக்குள் வரும் வாசல்), என்எம்இஏ தரவு (இடத்தைச் சொல்லும் எழுத்து வரிகள்), கடைசியாக ரேடார் மென்பொருள். ஒன்று வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசைதான்.

விண்டோஸ் 10, 11 கணினிகளையும் ஜிஆர்லெவல்3 மென்பொருளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். காம் போர்ட் வழியாக ஜிபிஎஸ் தரவை வாங்கும் எந்த மென்பொருளுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ரிசீவர். யுஎஸ்பி கம்பியோடு வரும், அடியில் காந்தம் உள்ள வட்ட வடிவ ரிசீவர் போதும். குளோபல்சாட் பியு-353எஸ்4 துரத்துபவர்களிடையே பரவலாக இருப்பது. யு-பிளாக்ஸ் சிப் வைத்த மலிவான யுஎஸ்பி ரிசீவர்களும் நன்றாகவே வேலை செய்கின்றன.

துல்லியம் அதிகம் என்று சொல்லி விற்கும் விலையுயர்ந்த ரிசீவர் வேண்டாம். அமெரிக்க நெக்ஸ்ராட் ரேடாரின் மிக நுண்ணிய படத்திலேயே ஒரு கட்டம் 250 மீட்டர் நீளம், அரை டிகிரி அகலம். ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில் அந்த அரை டிகிரி சுமார் 870 மீட்டராக விரிந்துவிடும். அந்தப் படத்தின் மேல் குறியை வைக்க, சாதாரண ரிசீவர் தரும் சில மீட்டர் துல்லியமே தேவைக்கு மேல். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவதாக ஒரு ரிசீவர் வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள்.

கார்மின் யுஎஸ்பி ரிசீவர்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ் 18 யுஎஸ்பி போன்றவை என்எம்இஏ தருவதில்லை. கார்மினுக்கே உரிய வேறு நெறிமுறையில் பேசுகின்றன. அவற்றுக்கு இடையில் ஒரு மாற்றி மென்பொருள் தேவை. ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவதென்றால் பெட்டியில் என்எம்இஏ 0183 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இவை தவிர: ரிசீவருக்கான டிரைவர் கோப்பு லேப்டாப்பிலேயே சேமித்திருக்க வேண்டும், காம் போர்ட்டில் வரும் தரவை எழுத்தாகக் காட்டும் புட்டி போன்ற ஒரு டெர்மினல் நிரல் வேண்டும், ரேடார் மென்பொருள் உரிமத்தோடு நிறுவப்பட்டு, ஜிபிஎஸ் இல்லாமலே ரேடார் படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். படமே வராத மென்பொருளில் குறி வரவில்லை என்று தேடுவது நேர விரயம்.

இதையெல்லாம் வீட்டில், நல்ல இணையம் இருக்கும்போது, பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். மேற்குக் கான்சஸில் செல்போன் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் டிரைவர் பதிவிறக்க முடியாது.

2. டிரைவர் முதலில், ரிசீவர் அப்புறம்

டிரைவர் என்று இங்கே சொல்வது கணினிக்குள் இருக்கும் மென்பொருளை. ரிசீவரைச் செருகும் முன்பே அதை நிறுவுங்கள். முதலில் ரிசீவரைச் செருகினால் விண்டோஸ் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் டிரைவரை அதுவாகவே போட்டுவிடும். அது எப்போதும் சரியானதாக இருக்காது.

பியு-353எஸ்4-க்குள் புரோலிஃபிக் பிஎல்2303 என்ற யுஎஸ்பி-சீரியல் மாற்றி சிப் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் பழைய சிப்களையும் போலிகளையும் புதிய டிரைவர்கள் ஏற்பதில்லை. கணினியோடு இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும். 'கோட் 10' என்றோ, இந்தச் சிப் 2012 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது என்றோ செய்தி காட்டும். ரிசீவர் செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம். பழைய டிரைவர் பதிப்பைக் கையால் தேர்ந்தெடுத்துப் போட்டால் பல நேரம் உயிர் பெறும். விண்டோஸ் அப்டேட் வந்ததும் மறுபடி புதியது ஏறிவிடலாம் என்பதால், பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபாருங்கள்.

யு-பிளாக்ஸ் ரிசீவர்களில் சிக்கல் வேறு மாதிரி. விண்டோஸ் சில நேரம் இதைச் சீரியல் சாதனமாகப் பார்க்காமல் 'லொகேஷன் சென்சார்' ஆகப் பதிந்துகொள்ளும். விளக்கு எரியும், வரைபட நிரல்கூட இடத்தைக் காட்டும், ஆனால் காம் போர்ட் எதுவுமே இருக்காது. டிவைஸ் மேனேஜரில் 'சென்சார்ஸ்' தலைப்பின் கீழ் அது உட்கார்ந்திருக்கும். அதன் மேல் வலது சொடுக்கி, டிரைவரைப் புதுப்பி என்பதில் போய், கணினியில் இருக்கும் பட்டியலிலிருந்து 'யுஎஸ்பி சீரியல் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே 'போர்ட்ஸ்' தலைப்பின் கீழ் வந்து சேரும்.

3. காம் போர்ட் எண்ணைக் கண்டுபிடித்து, மாறாமல் நிறுத்துங்கள்

ரிசீவரைச் செருகிவிட்டு டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' பகுதியை விரியுங்கள். காம்3, காம்7 என்று ஒரு எண் தெரியும். எது ரிசீவருடையது என்று சந்தேகம் இருந்தால், பிடுங்கிப் பாருங்கள். எந்த வரி மறைகிறதோ அதுதான்.

இந்த எண் நிலையானது இல்லை. ஒரே ரிசீவரை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதற்குப் புது எண் கொடுத்துவிடக்கூடும். நேற்று வீட்டில் ஓடியது இன்று காரில் ஓடாததற்கு அதிகம் காணப்படும் காரணம் இதுதான். ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எப்போதும் அதிலேயே செருகுங்கள்.

எண் இருபது, முப்பது என்று எகிறியிருந்தால் கீழே இறக்குவது நல்லது. பழைய மென்பொருள்களில் குறைந்த எண்கள் மட்டுமே பட்டியலில் வரும். போர்ட்டின் பண்புகளில் 'போர்ட் செட்டிங்ஸ்', அதில் 'அட்வான்ஸ்ட்' போனால் எண்ணை மாற்றலாம். சில எண்களுக்குப் பக்கத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று இருக்கும். முன்பு எப்போதோ செருகிய சாதனங்களின் எச்சம் அது. இப்போது அந்தச் சாதனம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்.

புளூடூத் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு: இணைத்ததும் இரண்டு காம் போர்ட் உருவாகலாம், ஒன்று 'இன்கமிங்', மற்றொன்று 'அவுட்கோயிங்'. பெயர் குழப்பினாலும், நமக்கு வேண்டியது அவுட்கோயிங். இணைப்பைத் தொடங்கப்போவது லேப்டாப்தான்.

4. ரேடாரைத் திறக்கும் முன் என்எம்இஏ வரிகளைப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் செய்தவர்களுக்குப் பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி வருவதே இல்லை. செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

புட்டியைத் திறந்து, இணைப்பு வகை 'சீரியல்', போர்ட் நீங்கள் கண்டுபிடித்த எண், வேகம் 4800 என்று கொடுத்துத் திறங்கள். என்எம்இஏ 0183-இன் இயல்பான வேகம் அதுதான். பியு-353எஸ்4-உம் அதில்தான் பேசும். யு-பிளாக்ஸ் சிப்களின் சீரியல் இயல்பு வேகம் 9600. ஆனால் அவை நேரடி யுஎஸ்பியில் இணையும்போது எந்த வேகம் கொடுத்தாலும் தரவு வரும்.

டாலர் குறியில் தொடங்கும் வரிகள் நொடிக்கு ஒரு கொத்தாக ஓட வேண்டும். திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி:

$ஜிபிஆர்எம்சி,230512,ஏ,3513.36,என்,09726.37,டபிள்யூ,...

முதலில் வருவது நேரம், 23:05:12, உலகப் பொது நேரமான யுடிசியில். மே மாத ஓக்லஹோமாவில் அது மாலை 6:05. அடுத்த ஒற்றை எழுத்துதான் உயிர்நாடி. 'ஏ' என்றால் இடம் கிடைத்துவிட்டது. 'வி' என்றால் ரிசீவர் பேசுகிறது, ஆனால் தான் எங்கே இருக்கிறது என்று அதற்கு இன்னும் தெரியாது. 'வி' இருக்கும்போது ரேடார் மென்பொருளில் எதை மாற்றினாலும் குறி வராது.

பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3513.36 என்பது 35 டிகிரி 13.36 நிமிடம். தசமத்தில் 35.2227. இதை 35.1336 என்று படித்து வரைபடத்தில் தேடினால், நார்மன் நகரத்தில் இருப்பவர் தெற்கே கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பார். ரிசீவர் தப்பாகக் காட்டுகிறது என்று வரும் புகார்களில் பல இந்த வாசிப்புப் பிழைதான். நிமிடத்தை 60-ஆல் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வரிகளுக்குப் பதிலாகக் குப்பை எழுத்துகள் ஓடினால் வேகம் பொருந்தவில்லை. 4800, 9600, 38400 என்று மாற்றிப் பாருங்கள். எந்த வேகத்திலும் குப்பையே வந்தால், சிர்ஃப் என்ற வகைச் சிப் உள்ள ரிசீவரை வேறு ஏதோ நிரல் பைனரி முறைக்கு மாற்றிவிட்டிருக்கலாம். ரிசீவருடன் வரும் சோதனை நிரலில் என்எம்இஏ முறைக்குத் திருப்பலாம்.

வரிகள் ஜிபி என்பதற்குப் பதிலாக ஜிஎன் என்று தொடங்கினால் பழுது எதுவும் இல்லை. ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ போன்ற மற்ற செயற்கைக்கோள் தொகுதிகளையும் சேர்த்துக் கணக்கிடும் ரிசீவர் அப்படித்தான் எழுதும். ஆனால் ஜிபி என்ற தொடக்கத்தை மட்டுமே தேடும் பழைய மென்பொருள் இந்த வரிகளைக் கண்டுகொள்ளாது. புட்டியில் எல்லாம் நன்றாக ஓடி, மென்பொருளில் மட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். யு-பிளாக்ஸின் அமைப்பு நிரலான யு-சென்டர் போன்ற ஒன்றில் ரிசீவரை ஜிபிஎஸ் மட்டும் என்று அமைத்தால் தீரும்.

இன்னொன்று: 4800 வேகத்தில் நொடிக்கு 480 எழுத்துகள்தான் போகும். ஒரு வரி 82 எழுத்துகள் வரை நீளலாம். தேவையில்லாத வரிகளையெல்லாம் இயக்கி வைத்தால் குழாய் நிரம்பி, இடத் தகவல் தாமதமாக வரும். இடத்தையும் வேகத்தையும் தரும் ஆர்எம்சி, இடத்தையும் உயரத்தையும் தரும் ஜிஜிஏ என்ற இரண்டு வரிகள் இருந்தாலே நம் வேலை நடந்துவிடும்.

பார்த்து முடித்ததும் புட்டியை மூடுங்கள். மறக்காமல் மூடுங்கள். காரணம் ஆறாம் பகுதியில் வருகிறது.

5. முதல் முறை வானத்தைக் காட்டுங்கள்

புதிய ரிசீவருக்கும், ஊர் மாறிய ரிசீவருக்கும் செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியாது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியப் பாதைத் தகவலை 30 நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். இடம் கிடைக்க அந்த முழுப் பட்டியலும் தேவையில்லை. திறந்த வெளியில் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் 'வி' போய் 'ஏ' வந்துவிடும். அறைக்குள் ஜன்னலோரம் அரை மணி நேரம் வைத்தும் வராமல் போகலாம்.

அதனால் முதல் முறை வண்டியை நிறுத்தி, ரிசீவரைக் கூரை மேல் வைத்து, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். வண்டி ஓடும்போதே ரிசீவர் முதல் முறை இடம் தேடினால் மரம், பாலம், லாரி எல்லாம் குறுக்கே வந்து அந்த 30 நொடி ஒலிபரப்பை வெட்டும்.

ரொம்பப் பழைய ரிசீவர் என்றால் தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. அதைக் கையாளத் தெரியாத ரிசீவர்கள் இடத்தைச் சரியாகவும் தேதியைச் சுமார் இருபது வருடம் பின்னாலும் காட்டும். குறி மட்டும் வேண்டுமென்றால் பாதகமில்லை. ஆனால் லேப்டாப் கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒத்திசைக்கும் வசதியை இயக்கினால் கணினித் தேதியே பின்னால் போய், பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொருந்தாமல், ரேடார் தரவு இறங்குவதே நின்றுவிடும். அப்படிப்பட்ட ரிசீவரில் அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

6. ஒரு போர்ட்டை ஒரே நிரல்தான் திறக்க முடியும்

விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே பிடித்திருக்க முடியும். புட்டி திறந்திருந்தால் ரேடார் மென்பொருளுக்குக் கிடைக்காது. வழிகாட்டும் வரைபட நிரல் முதலில் பிடித்துவிட்டால் ரேடாருக்கு மறுபடி இல்லை. 'போர்ட்டைத் திறக்க முடியவில்லை', 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும் செய்திகளுக்கு இதுதான் பொருள்.

துரத்தலில் ரேடார் மட்டும் ஓடுவதில்லை. சாலை வரைபடம் ஓடும். பலர் ஸ்பாட்டர் நெட்வொர்க்குக்கும் தங்கள் இடத்தை அனுப்புவார்கள். தேசிய வானிலைச் சேவை அலுவலகங்களும் அவசரகால அதிகாரிகளும் களத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதில் பார்க்க முடியும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே ரிசீவர் தரவு போக வேண்டும்.

அதற்கு ஜிபிஎஸ்கேட் போன்ற பிரிப்பான் மென்பொருள் உண்டு. உண்மையான போர்ட்டை அது ஒருவரே திறந்துகொண்டு, வேண்டிய அளவு மெய்நிகர் காம் போர்ட்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அதே வரிகளை ஊற்றும். காம்0காம், ஹப்4காம் இரண்டையும் சேர்த்து இலவசமாகவும் செய்யலாம், ஆனால் கட்டளை வரியோடு பழக்கம் வேண்டும்.

வரிசை முக்கியம்: லேப்டாப் தொடங்கியதும் முதலில் பிரிப்பான், அதில் தரவு ஓடுவதைப் பார்த்த பிறகு மற்ற நிரல்கள். ரேடார் மென்பொருளில் மெய்நிகர் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். உண்மையான எண்ணைக் கொடுத்துவிட்டுத் திணறுவது இந்தப் படியில் சகஜம். எந்த எண் எந்த நிரலுக்கு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ரேடார் ஒன்றுக்கு மட்டும்தான் ஜிபிஎஸ் வேண்டும் என்றால் இந்தப் படியே வேண்டாம். தேவையில்லாமல் ஒரு கண்ணியைச் சேர்க்காதீர்கள்.

7. ரேடார் மென்பொருளில் இணைப்பது

இவ்வளவு தூரம் ஒழுங்காக வந்திருந்தால் இந்தப் படி சின்னது. ஜிஆர்லெவல்3-இன் ஜிபிஎஸ் அமைப்பில் போர்ட் எண்ணையும் வேகத்தையும் கொடுங்கள். புட்டியில் எந்த வேகத்தில் தெளிவான வரிகள் வந்தனவோ அதே வேகம்.

குறி தெரியவில்லை என்றால் படம் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். நீங்கள் டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு கான்சஸின் டாட்ஜ் சிட்டி ரேடாரைப் பெரிதாக்கி வைத்திருந்தால் குறி திரைக்கு வெளியே எங்கோ இருக்கும். அருகில் உள்ள ரேடார் நிலையத்துக்கு மாறி, படத்தைச் சுருக்கிப் பாருங்கள்.

குறியோடு திசை அம்பும் இருந்தால், வண்டி நிற்கும்போது அதை நம்பாதீர்கள். சாதாரண ரிசீவர் திசையைத் தன் நகர்விலிருந்துதான் கணக்கிடுகிறது. நின்றுவிட்டால் சில மீட்டர் தள்ளாட்டத்தையே நகர்வு என்று எடுத்துக்கொண்டு அம்பு நாலா பக்கமும் சுழலும். வேகத்தைக் கைக்கணக்காக ஒப்பிடுவதாக இருந்தால், ஆர்எம்சி வரியில் வேகம் 'நாட்' (கடல் மைல்/மணி) என்ற அலகில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.15 மைல்.

8. வண்டியில் பொருத்துவது

ரிசீவருக்குச் சிறந்த இடம் கூரை. காந்தம் பிடித்துக்கொள்ளும். கம்பியைக் கதவின் மேல்விளிம்பு ரப்பர் வழியாக, கதவு மூடும்போது நசுங்காத இடமாகப் பார்த்து உள்ளே எடுங்கள். பெரிய ஆலங்கட்டிக்குப் பயந்தால் முன் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் வைக்கலாம். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி உள்ள கார்களில் அங்கே சிக்னல் மங்கும். டாஷ் கேமராவுக்கு ஒட்டி வைத்தாலும் மங்கலாம்.

லேப்டாப் தாங்கியைப் பொருத்தும்போது காற்றுப்பை விரியும் பாதையில் லேப்டாப்போ தாங்கியின் கையோ வரக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

மின்சாரச் சேமிப்பு அமைப்புகளையும் மாற்றுங்கள். விண்டோஸ் யுஎஸ்பி துளைகளைத் தானாகவே தூங்க வைக்கும். பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பண்புகளிலும், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மூடியை மூடினால் தூங்கும் அமைப்பையும் மாற்றிவிடுங்கள்.

ரிசீவரைச் செருகியபடியே லேப்டாப்பைத் தொடங்கும்போது மவுஸ் அம்பு தானாகத் துள்ளி, கண்ட இடத்தில் சொடுக்கத் தொடங்கினால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். சீரியல் போர்ட்டில் வரும் தரவை விண்டோஸ் பழைய காலத்துச் சீரியல் மவுஸ் என்று எடுத்துக்கொண்டது. ரிசீவரைப் பிடுங்கினால் நிற்கும். டிவைஸ் மேனேஜரில் மவுஸ் தலைப்பின் கீழ் 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்' என்று முளைத்திருக்கும். அதை 'அன்இன்ஸ்டால்' செய்ய வேண்டாம், 'டிசேபிள்' செய்யுங்கள். நீக்கினால் அடுத்த முறை திரும்ப வரும்.

9. ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள்

வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், வேறொருவர் ஓட்ட, நீங்கள் லேப்டாப்பைப் பார்த்தபடி அரை மணி நேரம் சுற்றுங்கள். குறி சாலைக்கோட்டின் மேலேயே போகிறதா, திரும்பும்போது திரும்புகிறதா, பாலத்துக்கடியில் போய் வெளியே வந்ததும் மீண்டும் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே கம்பியைப் பிடுங்கிச் செருகுங்கள். பெரும்பாலான நிரல்கள் தாமாக மீள்வதில்லை. போர்ட் அதே எண்ணில் திரும்பி வந்தாலும், நிரல் செத்துப்போன பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். நிரலை மூடித் திறக்க வேண்டும். கம்பியில் கால் இடறுவது கட்டாயம் நடக்கும் என்பதால், மீட்கும் வழியை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

துரத்தலின்போது ஓட்டுபவர் ஓட்ட மட்டும் வேண்டும், லேப்டாப் பக்கத்து இருக்கைக்காரருடையது. தனியாகப் போகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகே திரையைப் பார்க்க வேண்டும்.

10. குறி இப்போதையது, படம் பழையது

இணைப்பு வேலை முடிந்தது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் புயலுக்கு அருகே போகக் கூடாது.

ஜிபிஎஸ் குறி ஒவ்வொரு நொடியும் புதுப்பிக்கப்படுகிறது. அதற்குக் கீழே இருக்கும் ரேடார் படம் அப்படி இல்லை. இடிமழை நாட்களில் நெக்ஸ்ராட் ரேடார் எல்லாக் கோணங்களையும் ஒரு சுற்று முடிக்க நாலரை முதல் ஆறு நிமிடம் எடுக்கிறது. சைல்ஸ் என்ற முறை இயங்கும்போது மிகத் தாழ்ந்த கோணத்தை மட்டும் இடையிடையே திரும்ப எடுக்கும். அதன் பிறகு தரவு தயாராகி, இணையம் வழியாக, பலவீனமான செல்போன் சிக்னலில் உங்களிடம் வந்து சேர வேண்டும்.

மணிக்கு 50 மைல் வேகத்தில் நகரும் புயல் ஐந்து நிமிடத்தில் நாலு மைலுக்கு மேல் போய்விடும். ஓக்லஹோமா, கான்சஸ் கிராமப்புறச் சாலைகள் பெரும்பாலும் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டவை. திரையில் புயல் நாலு சாலை தள்ளி இருப்பதாகத் தெரியும்போது, அது உங்கள் சாலைக்கே வந்திருக்கலாம். துல்லியமான குறியும் பழைய படமும் ஒரே திரையில் இருப்பதால், இரண்டும் ஒரே கணம் என்று கண் நம்பிவிடுகிறது. விமானிகளுக்கும் இதே பிரச்சினை இருந்தது. விமானத் திரையில் வரும் நெக்ஸ்ராட் தொகுப்புப் படம், அதில் காட்டும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம்கூடப் பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் எச்சரிக்கையே வெளியிட்டது.

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோவில் வந்த டொர்னேடோ 2.6 மைல் அகலத்துக்கு விரிந்தது, திசையையும் வேகத்தையும் சட்டென்று மாற்றியது. நீண்ட அனுபவமுள்ள ஆய்வாளர் டிம் சமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் மூவரும் அதில் உயிரிழந்தார்கள். அப்படி மாறும் புயலை ஐந்து நிமிடப் பழைய படத்தை வைத்து நூலிழையில் தாண்டப் பார்க்கக் கூடாது.

அதனால் ஒவ்வொரு முறை திரையைப் பார்க்கும்போதும் குறியை விட முதலில் படத்தின் நேரத்தைப் படியுங்கள். அது பொதுவாக யுடிசியில், சுற்று தொடங்கிய நேரமாக இருக்கும். மத்திய மாநிலங்களின் கோடை நேரத்துக்கு ஐந்து மணி கழிக்க வேண்டும். லேப்டாப்பில் யுடிசி கடிகாரம் ஒன்றைத் திரையின் ஓரத்தில் நிரந்தரமாக வைத்தால் மனக்கணக்கே வேண்டாம். இரண்டு எண்களையும் கழித்தால் படத்தின் வயது.

இணையம் அறுந்துபோகும்போது நிலைமை இன்னும் மோசம். படம் உறைந்து நிற்கும், ஆனால் குறி ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. நகரும் குறியைப் பார்த்து எல்லாம் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். படத்தின் வயது பத்து நிமிடத்தைத் தாண்டினால் அதை வைத்து நெருங்கும் முடிவு எதையும் எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் மேகத்தை வைத்து விலகிப் போங்கள்.

உயரமும் கணக்கில் வரும். அரை டிகிரி கோணத்தில் கிளம்பும் ரேடார் கற்றை 100 கிலோமீட்டர் தூரத்தில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மேலே இருக்கும். டொர்னேடோ உருவாகக்கூடும் என்று காட்டும், திரையில் தெரியும் கொக்கி வடிவம் அந்த உயரத்தில் உள்ளது. தரையில் டொர்னேடோ அதற்கு நேர் கீழேதான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

11. வழியில் குறி நின்றுபோனால்

முதலில் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். புயல் பக்கத்தில் இருந்தால் விலகிய பிறகு நிறுத்துங்கள். ஃபோனில் உள்ள ரேடார் செயலி அதற்குள் இடத்தைக் காட்டிவிடும். ரேடார்ஸ்கோப் போன்ற ஒன்றை மாற்றாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, இப்போது ரிசீவரிலிருந்து திரை நோக்கி அதே வரிசையில் வாருங்கள். கம்பி செருகியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா. டிவைஸ் மேனேஜரில் போர்ட் இருக்கிறதா, அதே எண்ணா. எண் மாறியிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிய துளையில் செருகுங்கள். பிரிப்பானில் தரவு ஓடுகிறதா. ஓடாவிட்டால் அதை மூடித் திறங்கள். அங்கே ஓடி, ரேடாரில் மட்டும் இல்லை என்றால் ரேடார் மென்பொருளை மட்டும் மூடித் திறங்கள்.

இதில் எந்த இடத்திலும் அமைப்புகளைத் தொடாதீர்கள். காலையில் ஓடிய வேகமும் போர்ட்டும் மாலையில் தப்பாகிவிடாது. மூடித் திறப்பதில் சரியாகாவிட்டால் இரண்டாவது ரிசீவரைச் செருகுங்கள். அதற்கான போர்ட் எண்ணையும் வீட்டிலேயே கண்டுபிடித்து, மூடியில் ஒட்டிய தாளில் எழுதி வைத்திருங்கள்.